அழுத்தக் கூடாத இடம்

"நல்லா அழுத்துங்கம்மா. இதுக்கும் தலைவலி போகலைன்னா, இவ வேலையத்தான் விடணும்."

மாமியாரின் குரல் கேட்டதும் மருமகளின் தோள்கள் இன்னும் இறுகின. மசாஜ் செய்யும் பெண், மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இரண்டு குழிகளிலும் கட்டைவிரல்களைப் பதித்தாள்.

"நாள் பூரா கம்ப்யூட்டரே கதின்னு இருந்தா கல்லாத்தான் இருக்கும். மூச்சை விடுங்க... இப்போ?"

"பாதி போயிருச்சு!" கண்ணைத் திறக்காமலே சொன்னாள் மருமகள். "அத்தை, வேலைய விடுன்னு இனிமே சொல்லாதீங்க."

"மீதிப் பாதி இருக்கே?" மாமியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன எண்ணெய்ம்மா இது, குடலைப் பிடுங்குது!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தை."

மசாஜ் பெண் மருமகளின் வலது கையை எடுத்தாள். அழுத்துவதற்கு முன் நிறுத்தினாள்.

"முழுகாம இருக்கீங்களா?"

"அட, நீங்க வேற!" மாமியார் முந்திக்கொண்டாள். "கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு. மேடத்துக்கு மீட்டிங்குக்கே நேரம் போதலை."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சதையில் அழுத்தம் இறங்க இறங்க, அவள் நெற்றிச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது.

"இதை வீட்டுலயே செய்யலாம். நீங்களும் பாத்துக்குங்கம்மா. எலும்புப் பக்கமா, இப்படி."

மாமியார் தன் கையிலேயே அழுத்திப் பார்த்தாள். "எனக்கும் கொஞ்ச நாளா தலை கிறுகிறுங்குது. அட, சுருக்குன்னு ஏறுதே!" இன்னும் பலமாக அழுத்தினாள்.

"ஆமா, முழுகாம இருக்கேனான்னு ஏன் கேட்டீங்க?" என்றாள் மருமகள்.

"உண்டாயிருக்கிறவங்களுக்கு இந்த இடத்தைத் தொட மாட்டோம். கருவுக்கு ஆகாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

நெருப்பைத் தொட்டதுபோல் கையை உதறினாள் மாமியார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, நான் அழுத்திட்டேனே! இப்ப என்ன ஆகும்?"

மருமகள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தை... நீங்களா?"

மாமியார் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்தாள்.

"நாப்பத்தி மூணு வயசுல இதை வெளியே சொல்ல வாய் வருமா? பின்னே, வேலைய விட்டுட்டு வீட்டோட இருன்னு எதுக்குச் சொன்னேன்னு நினைச்சே? பெத்துக் கிடந்தா என்னைப் பாத்துக்க, உன்னை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"