ஓட்டை டிரம்

"புடிச்சாச்சு சார்."

கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தாரு வாட்ச்மேன் நாகூர் மீரான். கையில ஒரு கடப்பாரை. பின்னாடியே கூட்டிப் பெருக்குற வடிவாம்பாள், முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வந்துச்சு.

அந்த ரசாயனக் கம்பெனிக்கு சேஃப்டி ஆபீஸரான வின்சான், கம்ப்யூட்டர்லேருந்து தலையை நிமிர்த்தினாரு.

"இந்த அம்மாவா?"

"இதேதான் சார். சாப்பாட்டு நேரத்துல கொட்டகைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, கெணறு வெட்டுற மாதிரி குத்துது. நேத்து பதினெட்டு டிரம், இன்னிக்கு இருபத்திமூணு. கடப்பாரை கூட நம்மளது இல்ல, வெளியிலேருந்து கொண்டாந்திருக்கு."

கடப்பாரை எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு வின்சானுக்கு. கடப்பாரைக்கு என்ன, எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்.

நாளைக்கு விழிதியூர்ல விழா. தண்ணி புடிச்சு வச்சுக்க வீட்டுக்கு ஒரு நீல டிரம், கம்பெனி சார்புல இலவசம். பேனர் கட்டியாச்சு, போட்டோகிராபருக்கும் சொல்லியாச்சு. ரசாயன மருந்து வந்து எறங்குன காலி டிரம்தான், ஆனா சோப்புத்தூள் போட்டு ரெண்டு தடவை கழுவுனது. மொத டிரம் போன மாசமே வின்சான் வீட்டுக்குப் போயிருச்சு. ஊருக்குக் கொடுக்குற பொருளைத் தரம் பாக்க வேணாமா? கொல்லையில கெடக்குற அந்த டிரம்முல தண்ணி புடிக்கிறது, மொள்றது எல்லாம் அவரு சம்சாரம் ஒர்த்தான்ஸ் பாடு. வின்சானுக்குத் தெரிஞ்சது காபி மட்டும்தான்.

"நீ எந்த ஊரும்மா?"

"விழிதியூருங்க."

"உன் ஊருக்காரங்களுக்குத்தானே கொடுக்குறோம்?"

"வயித்தெரிச்சல் சார்," என்றாரு மீரான். "லிஸ்ட்ல பேரு இல்ல போல."

"இருக்கு. ஏழாவது பேரு," என்றது வடிவாம்பாள்.

போன் அடிச்சுது. மேனேஜர் கலைவாணன்.

"வின்சான், ஆள் யாருன்னு தெரிஞ்சுதா? சாயந்தரத்துக்குள்ள சீட்டைக் கிழிச்சுரணும். ரிப்போர்ட் எழுதுங்க."

"எழுதிட்டேன் சார். பேரு மட்டும் போடணும்."

போனை வச்சுட்டு வடிவாம்பாளைப் பாத்தாரு. "வேலை போயிரும், தெரியும்ல? உன் புருஷனுக்கும் வேலை இல்லேன்னு சொன்ன."

"தெரியுங்க. அதான் அதுக்குள்ள வேகமா குத்துனேன்."

"யாரு சொல்லி இப்படிப் பண்ணுன?"

"நீங்க சொல்லித்தாங்க."

மீரான் கடப்பாரையைக் கை மாத்திக்கிட்டாரு.

"அதுல எழுதி வச்சிருக்கீங்களே," என்று கம்ப்யூட்டரைக் காட்டுச்சு வடிவாம்பாள்.

அதுல இருந்த மருந்துப் பட்டியல்தான் வின்சானோட பெருமை. கம்பெனிக்குள்ள வர்ற முன்னூத்திப் பன்னெண்டு மருந்துக்கும் தனித்தனியா ஒரு பக்கம். என்ன ஆபத்து, கண்ணுல பட்டா என்ன பண்றது, தரையில கொட்டுனா என்ன பண்றது. போன வருஷம் கேடயமே வாங்கிக் கொடுத்துச்சு. மூலையில தமிழ்னு ஒரு பட்டன் கூட உண்டு. ஆடிட்டுக்கு வந்தவங்க கேட்டாங்கன்னு காசு கொடுத்து மொழிபெயர்த்துப் போட்டது. அதை வின்சானே அமுக்கிப் பாத்ததில்ல.

"பெருக்க வந்தப்போ தொறந்து கெடந்துச்சுங்க. நான் எட்டாவது படிச்சிருக்கேன். தமிழ்னு இருந்துச்சு, அமுக்குனேன். டிரம்முல ஒட்டியிருந்த நம்பரைப் போட்டேன். இருநூத்திப் பதினாலு."

வின்சானும் போட்டாரு. தமிழ்ப் பக்கம் விரிஞ்சுது.

'காலி டிரம்மிலும் நஞ்சு ஒட்டியிருக்கும். கழுவினாலும் போகாது. குடிநீர், உணவுப் பொருள் வைக்கக் கூடாது. யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி துளையிட்டு அகற்றவும். தயாரித்தவர்: வின்சான்.'

ஓரத்துல எத்தனை பேரு பாத்தாங்கங்கிற கணக்கு. ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவை. அஞ்சும் போன வாரம், காலையில ஏழு மணிக்கு, பெருக்குற நேரம்.

"அஞ்சு தடவை எதுக்கும்மா?"

"நீங்க எழுதுனது தப்பா இருக்காதுங்க. நான்தான் தப்பாப் படிச்சுட்டேனோன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சனிக்கிழமை சொன்னேங்க. 'கழுவியாச்சு, போய் வேலையைப் பாரும்மா'ன்னீங்க."

ஒரு மாசமா குடிச்ச காபியெல்லாம் அந்த டிரம் தண்ணியிலதான்னு வின்சானுக்கு ஒறைச்சுது. மறுபடி போன்.

"என்ன வின்சான், பேரு போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். என் பேருதான். நான் சொல்லித்தான் அந்த அம்மா குத்துச்சு. பாதுகாப்பு நடவடிக்கை. அந்த டிரம் ஆபத்துன்னு நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கேன் சார்... விழாவுக்கா? எவர்சில்வர் குடம் கொடுத்துரலாம் சார்."

போனை வச்சுட்டு வாட்ச்மேன் பக்கம் திரும்புனாரு. "மீரான், மிச்சம் பத்தொம்போதையும் ஓட்டை போடச் சொல்லு. வேற கடப்பாரை எடுத்துக்க. இது இங்க இருக்கட்டும், சாயந்தரம் எனக்கு வீட்டுல ஒரு வேலை இருக்கு."

"அந்த வேலை முடிஞ்சு போச்சுங்க," என்றது வடிவாம்பாள். "இது உங்க வீட்டுக் கடப்பாரைதான். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டம்மாகிட்ட போய்ச் சொன்னேன், அவங்கதான் எடுத்துக் கொடுத்தாங்க. மொத ஓட்டையே உங்க டிரம்முலதாங்க போட்டேன்."