வாலாட்டியிலிருந்து ஒரு குரல்

"மேல எப்படிடா இருக்கு?" தொலைபேசியில் கேட்டான் யோஸ்ட்.

"நீலமா இருக்கு. மேலயும் நீலம், கீழயும் நீலம். நீ குண்டூசித் தலை மாதிரி தெரியற," என்றான் ஆர்னோ.

இரண்டாம் உலகப் போரின் நாலாவது வருடம். இந்துமாக்கடலில் அந்த ஜெர்மன் நீர்மூழ்கி மேலே வந்து போய்க்கொண்டிருந்தது. அதன் தளத்திலிருந்து நீண்ட கம்பியின் மறுமுனையில், நானூறு அடி உயரத்தில், பட்டம் போல மிதந்தது, வாலாட்டிக் குருவியின் பெயர் வைத்த அந்தச் சின்ன வேவுக் கருவி. இன்ஜின் கிடையாது. ஓர் இருக்கை, தலைக்கு மேல் காற்றில் தானாகச் சுற்றும் மூன்று இறக்கைகள், கீழே பேச ஒரு தொலைபேசி. அவ்வளவுதான்.

கப்பல் தெரிந்தால் சொல்ல வேண்டும். எதிரி விமானம் தெரிந்தாலும் சொல்ல வேண்டும். ஆனால் விமானம் என்றால் நீர்மூழ்கி கம்பியைக் கழற்றிவிட்டு உடனே முழுகிவிடும். மேலே இருப்பவனைத் தண்ணீர் தெளித்து விட்ட மாதிரிதான். பாராசூட்டில் குதிக்கலாம், அப்புறம் கடல் பாடு, அவன் பாடு. அதனால் மேலே போக எல்லோருக்கும் உதறல். ஆர்னோ மட்டும் தினமும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்வான்.

"உனக்கு உயிர் மேல ஆசையே இல்லையாடா?"

"ரொம்ப இருக்கு. அதான் வந்துடறேன். உள்ள டீசல் நாத்தத்தை விட உன் சாக்ஸ் நாத்தம் தாங்கல. இங்க சத்தமே இல்லடா. தூக்கத்துல பறக்கற மாதிரி இருக்கு."

"தரையைப் பார்த்து நாலு மாசமாச்சு. ஏதாவது தெரியுதா?"



"மேகம்தான். ஒண்ணு எங்க வீட்டு ஆப்பிள் மரம் மாதிரியே இருக்கு. யோஸ்ட், என் பெட்டியில சாக்லேட் இருக்கு, நீ எடுத்துக்க."

"ஏன், உனக்கு வேண்டாமா?"

"மேற்கே விமானம். நேரா வருது."

"விமானம்!" என்று கத்தினான் யோஸ்ட். கேப்டன் ஓடி வந்து தொலைபேசியைப் பிடுங்கினார்.

"நாலு நிமிஷம் தாப்பா, இழுத்து இறக்கிடறோம்."

"ரெண்டு நிமிஷம் கூட இல்ல, கேப்டன். நீங்க அம்பது பேர் இருக்கீங்க. என்னை விட்டுட்டு முழுகுங்க."

கேப்டன் கண்ணை மூடித் தலையசைத்தார். கம்பியைக் கழற்றிவிட்டார்கள்.

கடலுக்கடியில் யோஸ்ட் சாக்லேட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கேப்டன் தொப்பியைக் கழற்றினார்.

"நமக்காக உயிரைக் கொடுத்துட்டான். அவனுக்குப் பதக்கம் வாங்கித் தராம விடமாட்டேன்," என்றார்.

மேலே, கடல் பரப்பில் மிதவைச் சட்டையோடு மல்லாந்து கிடந்த ஆர்னோ, விமானம் எதுவுமே வந்திராத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில், காலையிலிருந்து அவன் யாரிடமும் சொல்லாத பச்சைத் தீவிலிருந்து புறப்பட்ட மீன்பிடித் தோணி ஒன்று, பாயைத் திருப்பி அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.