மேனேஜருக்கு இண்டர்வியூ

"நாய்க்கு எதுக்கு இண்டர்வியூ?" என்று டையை இறுக்கிக்கொண்டே கேட்டார் கணவர்.

"பகல்ல நாய்களைப் பாத்துக்குற இடம்னா சும்மாவா? பேசிப் பாத்து, பிடிச்சாத்தான் சேப்பாங்களாம்" என்றாள் மனைவி. "நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். பாவம், மேனேஜர் நாள் பூரா தனியாக் கிடக்கான்."

மேனேஜர் என்பது நாயின் பெயர். நாளெல்லாம் தூங்கிவிட்டு, யாராவது வந்தால் மட்டும் எழுந்து சத்தம் போடுவதால் கணவர்தான் அப்படிப் பெயர் வைத்தார்.

மேனேஜர் ஒரு நிமிஷம்கூடத் தனியாகக் கிடப்பதில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஆள்குறைப்பு என்று அவரைக் கழற்றிவிட்டு நாளாகிறது. தினமும் டை கட்டி, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அடுத்த தெருவில் மறைந்து நின்று, மனைவி ஏறிய பஸ் போனதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் இண்டர்வியூ என்றாலே அவருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடைசியாகப் போன இடத்தில், பெயர் என்ன என்று கேட்டதற்கே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

இதையெல்லாம் கேட்டும் முகம் சுளிக்காத ஒரே ஜீவன் மேனேஜர். மத்தியானம் கேரியரைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளாகக் கேரியரின் கீழ் அடுக்கில் உப்பே இருப்பதில்லை. கேட்டால் பேச்சு வளரும். அதனால் சத்தமில்லாமல் அதை மேனேஜருக்குப் போட்டுவிடுவார். மேனேஜரும் போய்விட்டால் இனிச் சுவரோடுதான் பேச வேண்டும்.

"ஃபீஸ் தீட்டிடுவாங்க" என்று கடைசி அஸ்திரத்தை விட்டுப் பார்த்தார்.

"அதை நான் பாத்துக்கறேன். லேட்டா வர்றதுக்கு உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க" என்றார். அதுவரை அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

காப்பகத்தின் வரவேற்பறை முழுக்கப் பட்டமளிப்புத் தொப்பி வைத்த நாய்களின் படங்கள். நாய்களுக்கு மெத்தை, கூட வந்தவர்களுக்கு மடக்கு நாற்காலி. அந்த இடத்தை நடத்துகிற பெண்மணி முதலில் மேனேஜருக்கு வணக்கம் சொன்னார். பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"இவர் பகல்ல எப்படி இருப்பார்?"

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள் தலையைத் தூக்காமல்.

"குப்பை வண்டி வந்தா ஆகாதுங்க. பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில பூந்துப்பான். அப்ப அதட்டக் கூடாது, இழுக்கக் கூடாது. நாமளும் தரையில உக்காந்து வேற எங்கேயாவது பாத்துக்கிட்டு இருக்கணும். அவனா வந்து மடியில தலையை வெச்சுப்பான்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "லீவு நாள்ல பாத்திருக்கேன்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"ரொம்பக் கோவப்படுவாரோ?"

"கோவமே கிடையாதுங்க. பயந்தாத்தான் உறுமுவான். கோவம்னு நினைச்சு நாமதான் கத்துறோம்."

"சாப்பாடு?"

மனைவி ஒரே ஒரு முறை தலையைத் தூக்கினாள். "உப்பு மட்டும் சேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

அப்போது உள்ளேயிருந்து ஒரே களேபரம். கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு உறுமியது. இரண்டு ஊழியர்கள் துடைப்பத்தை நீட்டி, "வாடா, வெளிய வாடா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, துடைப்பத்தை எடுங்க முதல்ல!" என்று கணவர் எழுந்து ஓடினார். சட்டை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் மேஜைக்கு முதுகைக் காட்டித் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஏதோ ஒரு பாட்டை ராகமில்லாமல் முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த நாய் தவழ்ந்து வந்து, அவர் டையின் நுனியை எடுத்து மெல்ல ஆரம்பித்தது.

"டை போச்சே சார்" என்றார் ஓர் ஊழியர்.

"மெல்லட்டும் விடுங்க. அதுக்கும்தான் வேற வேலை என்ன இருக்கு?"

பெண்மணி மனைவியைப் பார்த்து, "நீங்க சொன்னது சரிதாங்க" என்றார்.

கணவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. பக்கத்தில் வந்து நின்ற மேனேஜரின் காதை வருடிக்கொடுத்தார். "அப்ப... இவனைச் சேத்துக்கறீங்களா?"

"இவர் பாட்டுக்கு தினமும் உங்ககூட வந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தார் பெண்மணி. "எங்களுக்கு ஆள்தான் வேணும். திங்கக்கிழமையிலேருந்து நீங்க வேலைக்கு வந்துடுங்க."

கணவருக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீருக்குக் கையை நீட்டினார்.

"இண்டர்வியூ உங்களுக்குன்னு சொல்லியிருந்தா வாயைத் திறந்திருப்பீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

அவள் அந்த மென்ற டையை அவர் கழுத்திலிருந்து கழற்றிச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கீழ் அடுக்கை நான் யாருக்கு வெச்சேன்னு நினைச்சீங்க?"