லூர்துநாதன் சாருக்கு ஒரு நிமிடம்

பிரெஞ்சு வரலாற்று மாநாட்டில் கட்டுரை வாசிப்பவர்களுக்கு நேரம் முடிந்ததும் மணி அடிப்பவர் வருடா வருடம் லூர்துநாதன் சார்தான். ஒரு விநாடிகூட விட்டுத்தர மாட்டார். இந்த முறை அவருக்கு அனுப்பிய அழைப்பிதழ், முகவரியில் ஆள் இல்லையென்று திரும்பி வந்தது. செயலாளரான நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை; போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, அந்த மணியையும் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

தொடக்க விழாவில், “மறைந்த பேராசிரியருக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி” என்றேன். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். எல்லோரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, துணிப்பையை மார்போடு அணைத்து, அவரும் தலை குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவசர அவசரமாக, “நன்றி, அனைவரும் அமரலாம்” என்று சொல்லிவிட்டேன். நாற்காலிகள் இழுபட்டன. அவர் மட்டும் உட்காரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் இருபது விநாடி இருக்கும்மா” என்றார், அதே மணியடிக்கும் குரலில்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, ஒவ்வொருவராக, மறுபடி எழுந்து நின்றோம்.