வெள்ளித் துப்பாக்கி

கதவைத் திறந்த அம்மாள், வந்தவனை உட்காரவைத்து உள்ளங்கையை விரித்தாள். அரிசி அளவில் ஒரு வெள்ளித் துப்பாக்கி. பழைய விண்வெளிப் படத்து வில்லன் பொம்மைக்கு உரியது.

"இத்துனூண்டுக்கா தம்பி இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! என் பொம்மை வெறுங்கையோட நிக்குது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியுது. உங்க விளம்பரத்தைப் பார்த்ததும் ஓடி வந்துட்டேன்."

"பொருந்துதான்னு பார்த்துடலாமே."

பஞ்சில் பொதிந்திருந்த பொம்மையைப் பையிலிருந்து எடுத்தான். அதன் விரல்களுக்குள் துப்பாக்கி கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் முகம் மலர்ந்தது.

அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவளுடைய அண்ணன்கள் இருவர் வந்து வாசலை மறித்து நின்றார்கள்.

"இது கடைக்கே வராத பொம்மை தம்பி. மாதிரிக்குன்னு செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அது எங்க வீட்டுக்காரர் அலமாரியில இருந்துச்சு. திருட வந்தவன் அவரை அடிச்சுக் கொன்னுட்டு எடுத்துட்டுப் போயிட்டான்."

அவன் வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். ஆனாலும் அத்தனை நாள் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அவனையும் மீறி வெளியே வந்துவிட்டது.

"தரையெல்லாம் தடவிப் பார்த்தேனே... இது எங்கக்கா இருந்துச்சு?"

"இறுக மூடியிருந்த அவர் கைக்குள்ள. விரலைப் பிரிச்சு எடுத்தது நான்தான்."