கழுத்து அட்டை

கிளாரா மிஸ் கரும்பலகையில் 'நவுன்' என்று எழுதி அடிக்கோடு போட்டபோது, அவருடைய புடவைத் தலைப்பில் தேள் ஏறுவதைப் பவதாரணி பார்த்துவிட்டாள். ஆங்கில வகுப்பில் தமிழில் பேசினால் கழுத்தில் அட்டை விழும். இன்னொருவர் வாய்தவறிப் பேசி மாட்டிக்கொள்ளும்வரை அதைக் கழற்ற முடியாது. மூன்று நாள் சுமந்த அட்டையை இன்று காலையில்தான் அவள் தினகரின் கழுத்துக்கு மாற்றியிருந்தாள். தினகர் தேளைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேளுக்கு ஆங்கிலத்தில் என்ன? ஸ்பைடர் இல்லை. ஸ்னேக் இல்லை. அதற்குள் அது நடு முதுகுக்கு வந்துவிட்டது. பவதாரணி எழுந்து கையைத் தூக்கினாள்.

"மிஸ், தேர் இஸ் எ... எ..."

"எ வாட்? ஃபுல் சென்டென்ஸ், ப்ளீஸ்" என்றார் மிஸ், திரும்பாமலே.

தேள் கொடுக்கைத் தூக்கியது.

"ஐயோ!"

அவ்வளவுதான். தினகர் பாய்ந்து வந்து அட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினான். அது நெஞ்சில் வந்து மோதியதும்தான் அவளுக்குத் தொண்டை திறந்தது.

"முதுகுல தேளு, மிஸ்!"

சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. மிஸ் அப்படியே பலகையைப் பார்த்து நின்றார். பிறகு, உதடு அசையாமல், தமிழில் கேட்டார்.

"இப்ப எங்கடி இருக்கு?"

முதுகில் எதுவும் இல்லை. ரவிக்கையின் மேல்விளிம்பு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.