ஆறு பேருக்குத்தான் இடம்

பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற பரம்பரை எங்களுடையது. அப்படிப்பட்ட குடும்பம் கரீபியன் தீவுக்குக் கிளம்புகிறதென்றால், கடலே பயந்து நாலடி பின்வாங்காதா!

கூடத்தில் ஒரே அமளி. மைத்துனன் புதுக் கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு சுவரில் மோதினான். சகலை தரையில் குப்புறப் படுத்து நீச்சல் பழகினார்.

அப்போதுதான் டிராவல்ஸ்காரர் போன் செய்தார். "சார், கடற்கரை காட்டேஜ்ல ஆறு பேருக்குத்தான் இடம்."

நாங்களோ நாலு ஜோடி, எட்டுப் பேர். எழவு விழுந்த வீடாகிவிட்டது கூடம்.

"என் தம்பி வராம நான் வரமாட்டேன்" என்றாள் மனைவி.

"நான் இல்லேன்னா அங்க யாரு பேரம் பேசறது?" என்றான் மைத்துனன்.

"என் புருஷன் தரையிலேயே இவ்வளவு நீந்துறாரு. அவரையா விட்டுட்டுப் போகப் பார்க்கறீங்க?" என்று கொதித்தாள் கொழுந்தியாள்.

"மாமா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று இழுத்தார் என் மாப்பிள்ளை.

"நீங்க டீ குடிங்க மாப்பிள்ளை, நாங்க பார்த்துக்கறோம்" என்றேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். "சின்னவங்க விட்டுக்கொடுக்கட்டும். என் பொண்ணும் மாப்பிள்ளையும் நின்னுக்கட்டும். அவங்களுக்கு ஆயுசு கிடக்கு."

கைதட்டலில் மின்விசிறியே ஆடியது.

மகள் மாப்பிள்ளையை விலாவில் இடித்தாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாமா... இது எங்க ஹனிமூன் மாமா."

மைத்துனன் பாசத்தோடு அவர் தோளில் கை போட்டான்.

"இதுக்கா முகத்தைத் தொங்கப்போட்டீங்க? நீங்க ரெண்டு பேரும் நிக்க ஆசைப்பட்ட இடத்துல எல்லாம், நானும் என் பொண்டாட்டியும் நின்னு போட்டோ அனுப்பிடறோம்!"